'தி மிஸ்ட்' முடிவைப் பார்த்து அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உங்களுக்கு எப்படி?

மேகலா, கரூர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 2007இல் வந்த 'தி மிஸ்ட்' படத்தின் முடிவு இதில் முழுசாக இருக்கிறது. பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பெரிய புயல் அடித்த மறுநாள் வெள்ளை மூட்டம் ஒன்று வந்து ஊரையே மூடிவிடுகிறது. சூப்பர் மார்க்கெட்டுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் உள்ளேயே அடைபட்டுப் போகிறார்கள். ராணுவத்தின் ரகசிய ஆராய்ச்சி வேறு ஏதோ உலகத்துக்கு வழி திறந்துவிட்டது, அங்கிருந்து வந்த ஜந்துக்கள்தான் மூட்டத்துக்குள் திரிகின்றன என்று பிறகு தெரிகிறது. கடைக்குள் டேவிட் என்கிற ஓவியரும் அவருடைய சின்னப் பையன் பில்லியும் இருக்கிறார்கள். ஜந்துக்களின் பிடியில் என்னை விட்டுவிடக் கூடாது என்று பையன் அப்பாவிடம் சத்தியம் கேட்கிறான். அவரும் செய்கிறார்.

கடைசியில் ஐந்து பேர் ஒரு வண்டியில் தப்பிக்கிறார்கள். டேவிட், பில்லி, அமாண்டா என்கிற பெண், வயதானவர்கள் இரண்டு பேர். வழியில் தன் மனைவி இறந்து கிடப்பதை டேவிட் பார்க்கிறார். எவ்வளவு தூரம் ஓட்டியும் மூட்டம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. பெட்ரோல் தீர்ந்து வண்டி நிற்கிறது. துப்பாக்கியில் நான்கு குண்டுகள்தான் இருக்கின்றன. பெரியவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, பார்வையிலேயே சம்மதம் சொல்லிவிடுகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த பையன் கண் விழித்து அப்பாவைப் பார்க்கிறான். கேமரா வெளியே போய்விடுகிறது. வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

டேவிட் மட்டும் மிச்சம். ஜந்துக்களே வந்து தன்னைக் கொல்லட்டும் என்று வண்டியை விட்டு இறங்கிக் கத்துகிறார். அப்போது மூட்டம் விலகுகிறது. ராணுவ டாங்கி வருகிறது. பின்னாலேயே லாரிகளில், பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.

நான், என் வீட்டுக்காரர், கொழுந்தனார் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். அவர்கள் இரண்டு பேரும் "செம முடிவு" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. எங்கள் பையனுக்கும் கிட்டத்தட்ட பில்லியின் வயசுதான். ஆனால் அதனால் மட்டும் வந்த பதற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வந்தது துக்கம் இல்லை, கோபம். அந்த இயக்குநர் எதிரே இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன்.

கொழுந்தனார் சொன்னது, "அண்ணி, உங்களுக்கு சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஒத்துவராது, நீங்கள் நல்லபடியாக முடிகிற படமாகப் பாருங்கள்." இதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. 'மூன்றாம் பிறை'யை எத்தனை முறை போட்டாலும் பார்க்கிறவள் நான். அந்த ரயில் நிலையத்தில் கமல் குரங்கு மாதிரி குட்டிக்கரணம் போட்டுக் காட்டுவதும், ஸ்ரீதேவி யாரோ பைத்தியம் என்று நினைத்துச் சாப்பாடு போடுவதும் எந்த விதத்தில் நல்ல முடிவு? அதைப் பார்த்து அழுதிருக்கிறேன், ஒருநாளும் கோபப்பட்டதில்லை. சோகம் தாங்காதவள் என்று என்னை ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் 'தி மிஸ்ட்' மட்டும் ஏன் இப்படி? இந்தக் கோபம் படத்தின் குறையா, படம் வேண்டுமென்றே கிளப்பிவிட்டதா? இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் யோசித்துச் சொல்லுங்கள். "இது சும்மா படம்தானே" என்கிற பதில் வேண்டாம்.

திவாகர்

மேகலா அக்கா, உங்கள் கோபம் நியாயம். என் பார்வையில், அது படத்தின் குறைதான்.

இந்தப் படத்துக்கு மூலமான, ஸ்டீபன் கிங் 1980இல் எழுதிய குறுநாவலில் இந்த முடிவே கிடையாது. அதில் மூட்டத்துக்குள் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. ரேடியோ இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஒரு ஊர்ப் பெயர் கேட்ட மாதிரி டேவிட்டுக்குத் தோன்றுகிறது, அந்த அளவு நம்பிக்கையோடு கதை நின்றுவிடுகிறது. அது எவ்வளவு நேர்மை! பிழைப்பார்களா மாட்டார்களா என்பதை நாம் சுமந்துகொண்டு போகலாம்.

படத்தில் என்ன நடக்கிறது? நாலு குண்டும் தீர்ந்த பிறகு, பொறுத்துப் பொறுத்து, சரியாக அந்த நேரத்தில் மூட்டம் விலகுகிறது. ஐந்து நிமிஷம் முன்னால் விலகியிருந்தால் சுபம். அரை மணி நேரம் கழித்து விலகியிருந்தால் சாதாரண சோகம். இந்த டைமிங்கை உலகம் செய்யவில்லை, எழுதினவர் செய்தார். நம்மை அடிக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டு அதற்கேற்ப கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? கிங்கே இந்த முடிவைப் பாராட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் எண்ணம் மாறவில்லை.

இன்னாசி (பழைய ஆபரேட்டர்)

மேகலாம்மா, நான் திண்டுக்கல் பக்கம் ஒரு தியேட்டரில் கார்பன் குச்சி காலத்திலிருந்து புரொஜெக்டர் ஓட்டியவன். டிஜிட்டல் வந்ததும் வேலையை விட்டேன். கடைசி ரீல் ஓடும்போது ஆபரேட்டர் படத்தைப் பார்க்க மாட்டான், ஜனங்களைத்தான் பார்ப்பான். லைட்டை எப்போது போடுவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. படம் முடியும் முன்பே ஸ்டாண்டில் வண்டி எடுக்க ஓடுகிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் ஹீரோ சாகிற படம் என்றால் அந்தக் கூட்டம்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தால் தலைகள் அசையாது. சாவு ஜனங்களை விரட்டாது, இதை அடித்துச் சொல்வேன்.

பிறகு எதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்? இதற்கு நல்ல சாட்சி அதே 2007இல் வந்த இன்னொரு படம். 'தி மிஸ்ட்' வந்து மூன்று வாரம் தள்ளி 'ஐ ஆம் லெஜண்ட்' வந்தது. எங்கள் தியேட்டரிலும் ஓட்டினோம். நியூயார்க்கில் வில் ஸ்மித் ஒரு நாயோடு தனியாக இருப்பார். மற்றவர்கள் நோய் முற்றி, வெளிச்சத்துக்கு வராத மிருகங்கள் மாதிரி ஆகிவிட்டவர்கள். அவர்களைப் பிடித்து வந்து மருந்து கண்டுபிடிக்கப் பார்ப்பார். கடைசியில் மருந்தை ஒரு பெண்ணிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, கையெறிகுண்டை இழுத்துத் தானும் செத்து அவர்களையும் கொல்வார். ஜனங்கள் மனசு நிறைந்து வெளியே போனார்கள்.

ஆனால் முதலில் எடுத்த முடிவு அது இல்லை. என் மருமகன் டிவிடியில் போட்டுக் காட்டினார். அதில் வில் ஸ்மித் சாகவே மாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மோதிக்கொண்டிருக்கிற தலைவன் கண்ணாடியில் பட்டாம்பூச்சி உருவம் ஒன்றைத் தேய்த்துக் காட்டுவான். சோதனை மேஜையில் கட்டிப்போட்டிருக்கிற பெண்ணின் உடம்பில் அதே பட்டாம்பூச்சி பச்சை குத்தியிருக்கும். அவளை மீட்கத்தான் வந்திருக்கிறான். வில் ஸ்மித் அவளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பார். சுவர் முழுக்க ஒட்டிவைத்திருக்கிற போட்டோக்கள் மேல் அவர் பார்வை போகும். அத்தனையும் அவருடைய சோதனையில் செத்தவர்கள். அவர்கள் கண்ணுக்கு அரக்கன் இவர்தான்.

ரிலீசுக்கு முன்னால் சோதனைக் காட்சி போட்டுப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, முடிவை மாற்றிவிட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள் அம்மா. ஹீரோ உயிரோடு தப்பிக்கிற முடிவு பிடிக்கவில்லை, ஹீரோ செத்துப் போகிற முடிவு பிடித்துவிட்டது! செத்தால் தியாகி. உயிரோடு இருந்தால், இத்தனை நேரமும் தப்பு செய்துகொண்டிருந்தவன். நாம் இரண்டு மணி நேரம் யார் பக்கம் நின்றோமோ அவன் தப்பு என்று படம் சொல்லும்போதுதான் ஜனங்களால் தாங்க முடியவில்லை.

'மூன்றாம் பிறை'யில் அந்த வாத்தியார் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனால் நீங்கள் நிம்மதியாக அழுகிறீர்கள். டேவிட் தன் கையாலேயே மகனைக் கொன்றான், அதுவும் தேவையே இல்லாமல். நாமும் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து "வேறு வழியில்லை" என்று மனசுக்குள் தலையாட்டினோம். உங்கள் கோபத்தில் பாதி அந்தத் தலையாட்டலின் மேல் வந்தது என்று நினைக்கிறேன்.

தம்பி திவாகர், நீங்கள் சொல்கிற டைமிங் உண்மைதான். ஆனால் அதற்காக அந்த இயக்குநர் கொடுத்த விலையையும் பாருங்கள். முடிவை மாற்றினால் அதிகப் பணம் தருகிறேன் என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னதாகவும், தான் மறுத்துவிட்டுக் குறைந்த செலவில் எடுத்ததாகவும் ஃபிராங்க் டாராபான்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வசூலும் அப்படித்தான் ஆனது. 'ஐ ஆம் லெஜண்ட்' உலகம் முழுக்க சுமார் 58 கோடி டாலர் வசூலித்தது, 'தி மிஸ்ட்' ஆறு கோடியைத் தொடவில்லை. சும்மா அடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒருவர் இவ்வளவு விட்டுக்கொடுப்பாரா?

இன்னொன்று. 'ஐ ஆம் லெஜண்ட்' இரண்டாம் பாகம் அந்தத் தூக்கிப்போட்ட முடிவிலிருந்துதான் தொடரும் என்று 2023இல் திரைக்கதை ஆசிரியர் அகிவா கோல்ட்ஸ்மன் சொன்னார். அதைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஷாலினி

இன்னாசி ஐயா சொன்னதை முழுசாக ஏற்கிறேன், ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் 'தி திங்' ஏன் அடி வாங்கியது? அதில் ஹீரோ எந்தத் தப்பும் செய்யவில்லையே.

ஜான் கார்பென்டரின் அந்தப் படம் 1982 ஜூன் 25 வெளியானது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரக உயிர் என்றாலே கட்டிக்கொள்ளலாம் போல ஊரே உருகிக் கிடந்தது. இங்கேயோ அண்டார்டிகாவில் ஒரு முகாம், யார் உடம்புக்குள் வேண்டுமானாலும் புகுந்து அவர் மாதிரியே நடிக்கக்கூடிய ஒரு உயிர். கடைசியில் முகாம் மொத்தமும் எரிகிறது. ஹீரோ மாக்ரெடியும் முகாமின் இன்னொரு ஆளான சைல்ட்ஸும் மட்டும் பனியில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். நெருப்பு அணைந்ததும் குளிரில் சாகப் போகிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் மனிதர் இல்லையோ என்பது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. படம் முடிந்தது.

கார்பென்டரே சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. சோதனைக் காட்சி முடிந்ததும் ஒரு இளம்பெண், கடைசியில் யார்தான் அந்த ஜந்து என்று கேட்டாராம். உங்கள் கற்பனைக்கு விட்டிருக்கிறேன் என்றாராம் இவர். எனக்கு அதுவே பிடிக்காது என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாராம். எதற்கும் இருக்கட்டும் என்று மாக்ரெடியைக் காப்பாற்றி, ரத்தத்தைச் சோதித்து, மனிதர்தான் என்று உறுதிசெய்கிற ஒரு காட்சியைக்கூட எடுத்து வைத்திருந்தார்கள். நல்லவேளை, அதைச் சேர்க்கவில்லை. அன்றைக்கு விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்ட படம் இன்றைக்குச் சிறந்த திகில் படங்களின் பட்டியல்களில் முன்வரிசையில் நிற்கிறது.

1956இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' கதையும் இதேதான். மனிதர்களின் இடத்தில் அச்சு அசலாக அவர்களைப் போன்ற வேற்றுக்கிரகப் போலிகள் வந்துவிடுகிற படம் அது. நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு நடுவே ஓடி, "அடுத்தது நீங்கள்தான்" என்று டாக்டர் பார்வையாளர்களைப் பார்த்துக் கத்துவதோடு முடித்திருந்தார்கள். ஸ்டூடியோ பயந்துபோய் முன்னாலும் பின்னாலும் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சியை ஒட்டி, அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு போன் பறக்கிறது, இனிக் கவலையில்லை என்று மாற்றியது. 1978இல் ஃபிலிப் காஃப்மன் மறுபடி எடுத்தபோது அந்தக் கடனைத் தீர்த்துவிட்டார். தானும் போலியாகிவிட்ட ஹீரோ டொனால்ட் சதர்லாந்து கையை நீட்டி வாயைப் பிளந்து அலறுகிற அந்தக் கடைசி ஷாட்டை நான் கல்லூரி விடுதியில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தோழி போர்வைக்குள் போய்விட்டாள்.

என் அபிப்பிராயம் இது. யாரை நம்புவது என்பது தெரியாமலே எழுந்து போகச் சொல்கிற படம் எனக்குப் பிடிக்கிறது. அம்மாவுக்கு அறவே பிடிக்காது, "காசு கொடுத்துப் பயத்தை வாங்கி வருவியா" என்பார். அவர் கேட்பதிலும் எனக்கு மரியாதை உண்டு.

நூருல்

நான் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், அதனால் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். இந்த மாதிரி முடிவைப் பார்த்தவர்களைத் தனியே விட்டுவிடக் கூடாது என்று ஒரு டிவி நிறுவனமே நினைத்திருக்கிறது.

1983 நவம்பர் 20 அன்று அமெரிக்காவில் ஏபிசி சேனல் 'தி டே ஆஃப்டர்' படத்தை ஒளிபரப்பியது. கான்சாஸ் பக்கம் அணுகுண்டு விழுந்த பிறகு சாதாரண ஜனங்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் கதை. சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். குண்டு விழுகிற காட்சிக்குப் பிறகு விளம்பரமே போடவில்லை. கலங்கிப்போனவர்கள் கூப்பிட்டுப் பேச ஆலோசகர்களோடு தொலைபேசி எண்களை ஏற்பாடு செய்திருந்தார்கள். படம் முடிந்த கையோடு விஞ்ஞானி கார்ல் சேகன், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சர் போன்றவர்களை உட்காரவைத்து நேரலையில் விவாதம் நடத்தினார்கள். முன்கூட்டியே பார்த்த ஜனாதிபதி ரீகன், தன்னை மிகவும் சோர்வடையச் செய்துவிட்டதாக டைரியில் எழுதிவைத்தார்.

அடுத்த வருஷம் பிபிசி 'த்ரெட்ஸ்' எடுத்தது, ஷெஃபீல்ட் நகரத்தில் நடக்கிற கதை. அதை யாருக்கும் நான் சாதாரணமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். மேகலா, நீங்கள் இப்போதைக்கு நிச்சயம் பார்க்க வேண்டாம்.

மேகலா, கரூர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இன்னாசி ஐயா, நீங்கள் சொன்ன பிறகு படத்தின் முதல் பாதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பெண் வருகிறாள், ஞாபகம் இருக்கிறதா? மூட்டம் வந்த கொஞ்ச நேரத்தில், வீட்டில் குழந்தைகளைத் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறேன், யாராவது ஒருவர் கூட வாருங்கள் என்று கடைக்குள் நிற்கிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கெஞ்சுகிறாள். டேவிட்டையும் கேட்கிறாள். எனக்கும் பையன் இருக்கிறான் என்கிறார் அவர். யாரும் வரவில்லை. அவள் தனியாகவே மூட்டத்துக்குள் போய்விடுகிறாள். கடைசியில் லாரியில் போகிறவர்களில் அவள் இருக்கிறாள். இரண்டு குழந்தைகளும் அவளோடு இருக்கிறார்கள். டேவிட்டைப் பார்த்தபடியே போகிறாள்.

அதனால் திவாகர் தம்பி, டைமிங் மட்டும்தான் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முடிவு வானத்திலிருந்து விழவில்லை. ஆரம்பத்திலேயே ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு போனாள், மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். டேவிட் கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. கடைக்குள் நரபலி கேட்டு வெறியேற்றுகிற அந்த மிஸஸ் கார்மோடிக்கு முன்னால், நிதானமாக யோசிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைத்துத்தான் நான் அவர் பின்னாலேயே போனேன். அந்தப் பெண் கெஞ்சியபோதும் அவர் பக்கமே நின்றேன். அந்தக் கடையில் நான் இருந்திருந்தாலும் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். நிதானமாக யோசிப்பதே போதும், அது நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் நான் வாழ்கிறேன். படம் கைவைத்தது அந்த இடத்தில்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். குழந்தையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் காட்டியிருக்கத் தேவையில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 'ஐ ஆம் லெஜண்ட்' மாதிரி டேவிட்டைத் தியாகியாக்கி முடித்திருந்தால் இந்தப் பெண்ணை நான் மறந்தே போயிருப்பேன்.

ஷாலினி, நூருல், 'த்ரெட்ஸ்' வேண்டாம். 'தி திங்' பார்க்கலாமா? குழந்தைகள் யாராவது வருகிறார்களா அதில்?

திவாகர்

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியது நல்ல பாயின்ட் அக்கா, அதை நான் இப்படி இணைத்துப் பார்த்ததில்லை. அவள் பிழைத்தது முடிவுக்கு வலு சேர்க்கிறது, சரி. ஆனால் அவள் பிழைத்து வருவதற்கும், ராணுவம் சரியாக அந்த நிமிஷம் வந்து சேர்வதற்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த நாள் காலையில் வந்திருந்தாலும் அவள் லாரியில் இருந்திருப்பாள். கிங்கின் முடிவே எனக்குப் போதும்.

ஷாலினி

'தி திங்'கில் குழந்தைகள் யாருமே இல்லை அக்கா, முகாமில் இருக்கிறவர்கள் எல்லாருமே ஆண்கள். ஆனால் ஆரம்பத்தில் நாய்க் கூண்டுக் காட்சி ஒன்று வரும், ரொம்பக் கொடூரமாக இருக்கும். நாய் வளர்க்கிற வீடு என்றால் அந்த இடத்தைத் தாண்டிப் போட்டுக்கொள்ளுங்கள், கதை புரிவதில் சிக்கல் வராது. ரத்தப் பரிசோதனைக் காட்சியை மட்டும் தவற விடாதீர்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், கடைசியில் சைல்ட்ஸ் மனிதர்தானா என்று நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.